பொன்னுசாமியைக் கூப்பிட்ட குரல்

சவரிநாதன் செத்து, அவனை சுரங்கக்காரர்களின் லைன் வீடுகளுக்குப் பின்னாலிருக்கிற கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் பண்ணி, நினைவுப் பூசைக்கு ஊரே கோயிலில் கூடியிருந்த ஞாயிற்றுக்கிழமை காலையில், அவன் மனைவி டெல்பின் பாடகர் குழுவில் தன் வழக்கமான இடத்தில், ஹார்மோனியத்துக்கு இடப்பக்கம், நின்று முதல் பாட்டின் முதல் வரிக்கு வாயைத் திறந்தாள். வந்தது சவரியின் குரல். லாரியிலிருந்து ஜல்லி சரிவதுபோலக் கீழே தொடங்கி, மேலே போகப்போகத் தகரத்தைக் கிழிக்கிற மாதிரி ஏறுகிற அந்தக் குரலை எங்கள் ஊரில் கேட்காதவர் கிடையாது என்பதால் யாரும் திரும்பிப் பார்த்துத் தேடவில்லை, பாதர் மட்டும் ஒருதரம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார், டெல்பின் மாதா பாட்டைக் கடைசி வரி வரைக்கும் அந்தக் குரலிலேயே பாடி முடித்தாள், பூசை நடந்தது.

வெளியூர்க்காரர்களுக்குக் கொஞ்சம் சொல்லிவிட வேண்டும். எங்கள் ஊர் தங்கவயல். தங்கச் சுரங்கம் ஓடிக்கொண்டிருந்த காலத்தில் ஆட்களைக் கீழே இறக்கி மேலே தூக்கிவந்த இரும்புக்கூண்டுக்குக் கேஜ் என்று பேர். ஷிஃப்ட் முடிந்து கடைசியாக மேலே வருவது லாஸ்ட் கேஜ். அதிலும் வராத ஆளுக்காகத்தான் பெண்கள் வீட்டு வாசலில் நிற்பார்கள். அந்தப் பேரையே வைத்து, சுரங்கத் தொழிலாளிகளின் பிள்ளைகள் நான்கு பேர் ஒரு ஹெவி மெட்டல் பேண்ட் ஆரம்பித்தார்கள். கிடாருக்கு நார்மன், டிரம்ஸுக்கு ஏசுபாதம், பேஸ் கிடாருக்கு குலசேகரன், பாடுவதற்கு சவரி. பகலில் வெல்டிங் பட்டறையிலும் லேத்திலும் வேலை பார்த்துவிட்டு, சாயங்காலம் மூடிக்கிடந்த ரேஷன் ஷெட்டுக்குள் போய் அவர்கள் எழுப்பிய சத்தத்தில், கீழே ஆழத்தில் பாறை வெடித்தால் எப்படி வீட்டுப் பாத்திரமெல்லாம் நடுங்குமோ அப்படி நடுங்கும். ஒரே ஒரு கேசட் போட்டார்கள். பாட்டெல்லாம் இங்கிலீஷ், ஒன்றைத் தவிர. அந்தத் தமிழ்ப் பாட்டுக்கு 'பொன்னுசாமி இன்னும் கீழே' என்று பேர். மேக்கி ஷாஃப்ட் என்கிற சுரங்கக் குழியில் பாறை வெடித்து உள்ளே மூடிக்கொண்டு, உடம்புகூடக் கிடைக்காமல் போன பொன்னுசாமி குலசேகரனின் அப்பா. ஊருக்கு அது தெரியும். கேசட் அட்டையில் அது போட்டிருக்கவில்லை.

பேண்ட் சீக்கிரமே உடைந்தது. நார்மன் ஆஸ்திரேலியாவுக்குப் போனான், ஏசுபாதம் மஞ்சள் காமாலையில் போய்ச்சேர்ந்தான், குலசேகரன் ஓசூர்ப் பக்கம் ஒரு ஃபேக்டரிக்குப் போய் அப்புறம் ஊருக்கே வரவில்லை. சுரங்கத்தையும் மூடினார்கள். சவரி பட்டறையிலேயே இருந்தான், டெல்பினைக் கட்டினான், ஒரு பெண்ணைப் பெற்றான், கடைசியில் தொண்டையில் கட்டி வந்து, ஆஸ்பத்திரியில் அறுத்து எடுத்ததில் பேச்சு போய், ஒரு வருஷம்போலக் கையை ஆட்டியே காலம் தள்ளிவிட்டு இறந்தான். டெல்பினின் வாயிலிருந்து அவன் குரல் வந்த அன்றைக்குச் சந்தையில் அதைப் பற்றிப் பேச்சு எழுந்தபோது, மீன் விற்கிற ரோசம்மா, "குரலை எடுத்துட்டாங்கன்னுதான எல்லாரும் சொன்னீங்க, எடுத்து எங்க வச்சாங்கன்னு ஒருத்தராவது கேட்டீங்களா?" என்றாள். அது எல்லோருக்கும் நியாயமாகப் பட்டது.

பாட்டோடு நிற்கவில்லை. பேச்சும் அப்படித்தான் வந்தது. டெல்பின் தமிழ் மீடியம் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்பு டீச்சர். திங்கட்கிழமை காலையில் அவள் ரெஜிஸ்டரைப் பிரித்துப் பேர் கூப்பிட்டபோது முதல் பெஞ்சுப் பிள்ளைகள் கொஞ்சம் பின்னால் சாய்ந்தார்கள். வாரக் கடைசிக்குள் வகுத்தல் கணக்கு அந்தக் குரலில் சொன்னால்தான் மண்டையில் ஏறுகிறது என்று பக்கத்து வகுப்பிலிருந்தும் ஜன்னலில் வந்து நின்றார்கள். கரண்ட் ஆபீசுக்கு அவள் போன் செய்தால் லைன்மேன் உடனே வந்தான். பஸ்ஸில் "அடுத்த ஸ்டாப் இறங்கணும்" என்று அவள் சொன்னால் கண்டக்டர் நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டு விசில் அடித்தார். கோயமுத்தூரில் கட்டிக்கொடுத்திருந்த, அடக்கம் முடிந்ததும் திரும்பிப்போயிருந்த மகள் ரெனிட்டா முதல்நாள் போனில் அந்தக் குரலைக் கேட்டுவிட்டுப் பேசாமலே இருந்தாள்.

"ரெனி, நான் அம்மாடி."

"தெரியுதும்மா."

"அழுவறியா?"

"இல்ல. இன்னும் கொஞ்சம் பேசு. சாப்ட்டியான்னு கேளு."

"சாப்ட்டியா?"

அதன் பிறகு மாதத்துக்கு ஒருமுறை கூப்பிடுகிறவள் தினமும் கூப்பிட்டாள். டெல்பினுக்கும் அது சங்கடமாகத் தெரியவில்லை. ஆள் இல்லாத சமையல்கட்டில் நின்றுகொண்டு, துவரம்பருப்பு, கடுகு, வெந்தயம் என்று டப்பாக்களின் பேரை ஒவ்வொன்றாகச் சத்தமாகச் சொல்லுவாள், வீட்டில் அவன் நடமாடுவதுபோல இருக்கும்.

அவளுடைய சொந்தக் குரல் எங்கே போனது என்று அவள் உள்பட யாரும் யோசிக்கவில்லை. அதைக் கண்டுபிடித்தவர்கள் ரசிகர்கள்.

லாஸ்ட் கேஜ் செத்துப்போய் எத்தனையோ காலமான பின்னாலும், அந்த ஒற்றைக் கேசட் காப்பிக்குக் காப்பியாகப் பெருகி, கேசட்டிலிருந்து கம்ப்யூட்டருக்கும் கம்ப்யூட்டரிலிருந்து போனுக்கும் போய், ஷில்லாங்கிலும் கொழும்பிலும் புனேயிலும் எங்களுக்குத் தெரியாத பிள்ளைகளெல்லாம் எங்கள் ஊர்ப் பேரைக் கையில் பச்சை குத்திக்கொண்டு திரிந்தார்கள். சவரி இறந்த சேதி பரவியதும் அவர்கள் பெங்களூர் ரயிலில் கூட்டம் கூட்டமாக வந்திறங்க ஆரம்பித்தார்கள், எல்லோருக்கும் கறுப்பு டீ சர்ட், அதில் துருப்பிடித்த கேஜின் படம். எங்கள் ஊர்க்காரர்கள் துக்க வீட்டுக்கு வந்தவர்கள் என்றே அவர்களை எடுத்துக்கொண்டு, கல்லறைக்கு வழிகாட்டி, திரும்பி வரும்போது சாப்பாடும் போட்டார்கள். அவர்களில் தேஜஸ்வினி என்று பெங்களூர்க் கல்லூரிப் பெண் ஒருத்தி, சவரியின் கல்லறைமேல் தலையை வைத்துப் படுத்திருந்தவள், திடீரென்று எழுந்து, மண்ணுக்குள் ஒரு பெண்பிள்ளை பாடுகிறாள் என்று தனக்குத் தெரிந்த அரைகுறைத் தமிழில் சொன்னாள்.

போய்க் கேட்டோம். உண்மைதான். சன்னமாக, அவசரமே இல்லாமல், மாதா பாட்டில் டெல்பின் எப்போதும் பாடுகிற ஆல்டோ, அந்தத் தாழ்ந்த பெண்குரல் வரிசை, கீழேயிருந்து வந்துகொண்டிருந்தது. கோயிலுக்கே வராதவன், மனைவி பாடி ஒரு நாளும் உட்கார்ந்து கேட்காதவன், போகும்போது அவள் குரலைக் கையோடு கொண்டுபோயிருந்தான்.

டெல்பினைக் கூட்டிவந்து காட்டினார்கள். அவள் முட்டிபோட்டுக் காதை மண்ணில் வைத்து ரொம்ப நேரம் கேட்டாள். எழுந்தபோது நெற்றியில் மண் ஒட்டியிருந்தது. "மூணாவது வரில மூச்சு சீக்கிரம் எடுக்கறேன்" என்றாள் சவரியின் குரலில், "எப்பவும் செய்யற தப்பு." அவ்வளவுதான் சொன்னாள். பாடகர் குழுவை நடத்துகிற ஜெரோம் மாஸ்டர் நல்ல ஆல்டோ கிடைக்காமல் திண்டாடிக்கொண்டிருந்தவர், அடுத்த வாரமே ஹார்மோனியத்தைக் கைவண்டியில் ஏற்றிக் கல்லறைத் தோட்டத்துக்குக் கொண்டுவந்துவிட்டார். ஞாயிறு காலைப் பூசைக்கு முன்னால் பயிற்சி இனிமேல் அங்கேதான் என்றார். மண்ணுக்கு மேலே நாலைந்து பேரும் மண்ணுக்குக் கீழே ஒருத்தியுமாகப் பாடினார்கள், நன்றாகவே இருந்தது. பெங்களூர்ப் பிள்ளைகள் மதில்மேல் உட்கார்ந்து கைகட்டிக் கேட்டார்கள்.

அந்தப் பிள்ளைகள்தான் டெல்பினைப் பாடச்சொல்லிக் கேட்டது. ஃபுட்பால் கிரவுண்டில் மேடை போடுகிறோம், நாங்களே வாசிக்கிறோம், நீங்கள் நின்று பாடினால் போதும் என்றார்கள். அவள் முதலில் மாட்டேன் என்றாள். புருஷனின் ஒரு கச்சேரிக்குக்கூட அவள் போனதில்லை, கல்யாணத்துக்கு முன்பே அதெல்லாம் முடிந்துபோயிருந்தது. ஆனால் தேஜஸ்வினி தன் போனில் கேசட்டை ஓடவிட்டு அவள் மடியில் வைத்தாள். புருஷன் பாடின பாட்டை டெல்பின் காதுகொடுத்துக் கேட்டது அன்றைக்குத்தான். கூடச் சேர்ந்து வாய்க்குள் முணுமுணுத்துப் பார்த்தபோது நெஞ்சுக்குள் ஏதோ ஒன்று எழுந்து உட்கார்ந்து தோளைக் குலுக்கிக்கொண்டது. அது சந்தோஷம் என்று அவளுக்குப் புரியக் கொஞ்சம் நேரமானது, ஏனென்றால் வீட்டில் அவன் அந்தச் சந்தோஷத்தோடு இருந்து அவள் பார்த்ததில்லை. பட்டறையிலிருந்து வருவான், கை கழுவுவான், சாப்பிடுவான், படுப்பான். இப்படி ஒரு ஆள் அவனுக்குள் இருந்திருக்கிறான், அவனை முன்பின் தெரியாத பிள்ளைகளுக்கெல்லாம் தெரிந்திருக்கிறது, தனக்குத் தெரியவில்லை என்று அவளுக்கு ஆற்றாமையாக இருந்தது. பாடுகிறேன் என்றாள்.

கச்சேரிக்கு முந்தின வாரம் ஒரு மத்தியானம் வாசலில் ஆள் நிழல் தெரிந்தது. கதவைத் திறந்தாள். தலை முழுக்க நரைத்த, உயரமான ஆள்.

"டெல்பினா?"

"ஆமா. நீங்க?"

செருப்பைக் கழற்றக் குனிந்தவர் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார்.

"இன்னொரு தடவ பேசும்மா."

"இன்னா பேசறது?"

"எதையாவது."

"காபி போடட்டா?" என்றாள். அவர் முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார். குலசேகரன் இவர்தான் என்று அவளுக்கு அப்போது தெரிந்துவிட்டது.

காபியைக் குடித்து முடித்துவிட்டுத்தான் அவர் விஷயத்துக்கு வந்தார். "எங்கம்மாக்கு அப்பா பேர்ல ஒரு பாட்டு கீதுன்னே தெரியாது. பையன் வாசிக்கறான்னு ராபர்ட்சன்பேட்டைக் கச்சேரிக்கு வந்து மொதல் வரிசைல உக்காந்துச்சு. சவரி எங்கப்பா பேரைச் சொல்லிக் கத்துனான். கூட்டம் மொத்தமும் கூடக் கத்துச்சு. எங்கம்மா எழுந்து நின்னு வாசலைப் பாத்துச்சும்மா. இத்தினி பேரு கூப்புடறாங்களே, வந்துட்டாரு போலன்னு."

டெல்பின் காலி டம்ளரை எடுத்து ஓரமாக வைத்தாள்.

"அதுக்கப்பறம் சாகற வரைக்கும் அது வாசலைத்தான் பாத்துகினு இருந்துச்சு. இந்தப் பாட்டு இனிமே வேணாண்டா சவரின்னேன். இதாண்டா நம்ம பாட்டுன்னான். அடுத்த கச்சேரிலயும் பாடுனான். நான் கிடாரைக் கழட்டி வச்சிட்டு எறங்கிட்டேன். மன்னிச்சிக்கடான்னு ஒரு வார்த்தை அவன் சொல்லியிருக்கலாம். சொல்லல. நானும் விடல. அவன் பேச்சு போச்சுன்னு கேள்விப்பட்டப்ப, இனிமே சொல்லவே முடியாதேன்னுதான் எனக்கு மொதல்ல தோணுச்சு." துண்டை மடித்து மடியில் வைத்தார். "இப்ப அந்தக் குரல் உங்கிட்ட கீது. நீ சொல்லிடும்மா. ஒரே ஒரு தடவ."

டெல்பின் வாயைத் திறந்தாள். வார்த்தை நாக்கு நுனியில்தான் இருந்தது. மூடிக்கொண்டாள்.

"சொல்லிடுவேண்ணா, கஷ்டமில்ல. ஆனா குரல்தான் அவரோடது, வார்த்தை என்னோடதா இருக்கும். நீங்க ஓசூர் போயி சேர்றதுக்குள்ள உங்களுக்கே அது தெரிஞ்சிடும். அப்பறம் இந்த ஆறுதலும் இல்லன்னு ஆயிடும்."

அவர் மடியிலிருந்த துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார். பிறகு தலையை ஆட்டினார். "அப்ப அந்தப் பாட்டை மட்டும் பாடாத."

"பாடல."

சனிக்கிழமை சாயங்காலம் கிரவுண்டு நிறைந்து வழிந்தது. சுரங்கத்திலிருந்து எடுத்து, சயனைடில் தங்கம் பிரித்துக் கொட்டின மண்மேடு பின்னால் சாம்பல் மலையாக நிற்க, அதன் அடியில் போட்ட மேடையில் டெல்பின் பள்ளிக்கூடத்துக்குக் கட்டுகிற நீலக்கரைப் புடவையில் வந்து நின்று, மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு பாடினாள். இங்கிலீஷ் பாட்டுகளை வரிசையாகப் பாடினாள். பாடப்பாட அவள் குனிந்த முதுகு நிமிர்ந்ததையும், கண்ணை மூடாமல் கூட்டத்தைப் பார்த்துப் பாடியதையும் பார்த்து, சவரியோடு படித்த ஆட்கள் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார்கள். வந்த பிள்ளைகள் அழுதுகொண்டே ஆடினார்கள். கேசட்டிலிருந்த எல்லாம் முடிந்தது, அந்த ஒன்றைத் தவிர. கூட்டம் அதைப் பாடச்சொல்லிக் கேட்டது.

"அது இல்ல" என்றாள் டெல்பின் மைக்கில். "அந்தப் பாட்டு கெடையாது."

அந்தக் குரலிலேயே அப்படிச் சொன்னதும் அவர்கள் அதை விளையாட்டென்று எடுத்துக்கொண்டார்கள். யாரோ ஆரம்பித்தார்கள், பொன்னுசாமி என்று. பிறகு எல்லோரும். பொன்னுசாமி, பொன்னுசாமி என்று ஷில்லாங்கிலிருந்தும் புனேயிலிருந்தும் வந்த பிள்ளைகள் கையை உயர்த்தி உயர்த்திக் கத்த, அந்தப் பேர் மண்மேட்டில் மோதித் திரும்பி லைன் வீடுகளுக்குள் போனது. கிரவுண்டுக்கு வராமல் வீட்டிலிருந்த பெண்கள் சமையலை விட்டுவிட்டு வாசலுக்கு வந்தார்கள். எதற்கு வந்தோம் என்று தெரியாமலேயே ரோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். டெல்பின் மைக்கைக் கீழே வைத்துவிட்டு மேடையிலிருந்து இறங்கினாள். கூட்டத்தின் ஓரத்தில், டீ வண்டிக்குப் பக்கத்தில், குலசேகரன் நின்றுகொண்டிருந்தார். கையில் இருந்த டீ ஆறி ஆடை கட்டியிருந்தது. வெளிச்சம் போன பிறகும் சத்தம் அடங்கவில்லை. பிள்ளைகள் அதைக் கத்திக்கொண்டேதான் ரயிலடிக்குப் போனார்கள்.

மறுநாள் காலையில் அவர் மறுபடி வாசலில் நின்றார்.

"ஊருக்குப் போவலியாண்ணா?"

"நேத்து அத்தினி பேரும் எங்கப்பா பேரைக் கத்துனாங்களேம்மா, அதுல ஒருத்தர்கூட அவரைக் கூப்புடல. கத்தறது வேற, கூப்புடறது வேற, இல்ல?" என்றார். "ஊர விட்டுப் போறதுக்கு முன்னாடி நான் எத்தினியோ தடவ ஷாஃப்ட் வாசல்ல போயி நின்னு கூப்ட்டுப் பாத்துட்டேன். என் குரல் கொஞ்ச தூரம்கூட எறங்காது. சவரி குரல் எறங்கும். சின்னப் பையனா இருக்கச்சே அங்க நின்னு கத்துவான், கீழ வேலை செய்யறவங்க மேல வந்து அவங்கப்பன்கிட்ட புகார் சொல்லுவாங்க." கொஞ்சம் நிறுத்தி, "மன்னிப்பெல்லாம் வேணாம். ஒரு தடவ கூப்ட்டுக் குடு" என்றார்.

டெல்பின் செருப்பைப் போட்டுக்கொண்டு அவரோடு நடந்தாள்.

மேக்கி ஷாஃப்டைச் சுற்றிக் கம்பிவேலியும் வேலியைச் சுற்றிக் கருவேலமும் இருந்தன. வேலி பிய்ந்திருந்த இடத்தில் குனிந்து உள்ளே போனார்கள். குழியின் வாயில் இரும்புக் கிராதி போட்டிருந்தார்கள். அதன் கீழே வெளிச்சம் கொஞ்ச தூரம் போய் நின்றுவிட்டது. உள்ளேயிருந்து ஈரமான குளிர்காற்று வந்து அவள் புடவைத் தலைப்பை மெதுவாகத் தூக்கியது.

"இன்னான்னு கூப்புடணும்?"

"சவரி அவரை மாமான்னுதான் கூப்புடுவான்."

அவள் கிராதியைப் பிடித்துக்கொண்டு குனிந்தாள். மூச்சை இழுத்தபோதே தொண்டையில் இருந்த அந்தக் குரல் தன் இடத்தைவிட்டு நகர்வது தெரிந்தது, ரயில் நிற்பதற்கு முன்பே எழுந்து கதவோரம் போய் நிற்கிற ஆளைப்போல. சட்டென்று கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். பொத்தியே வைத்திருந்தால் அது போகாது என்று அவளுக்குத் தெரிந்தது. ரெனிட்டா சாயங்காலம் கூப்பிடுவாள். திங்கட்கிழமை பிள்ளைகள் காத்திருப்பார்கள். சமையல்கட்டில் டப்பாக்கள் இருக்கின்றன. குலசேகரன் எதுவும் கேட்காமல் பக்கத்தில் நின்றார். அவர் குழியைப் பார்க்கவில்லை, குழிக்கு அந்தப் பக்கம் ஒரு காலத்தில் கேஜில் மேலே வந்த ஆட்கள் இறங்கின, கதவு கழன்றுபோன வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

டெல்பின் கையை எடுத்தாள்.

"பொன்னுசாமி மாமா" என்று கூப்பிட்டாள். "ஷிஃப்ட் முடிஞ்சிடுச்சி. வாங்க, வீட்டுக்குப் போலாம்."

அது கத்தல் இல்லை. எதிர்வீட்டு ஆளைக் கூப்பிடுகிற மாதிரிதான் இருந்தது. குரல் கிராதியைத் தாண்டி, வெளிச்சம் நின்ற இடத்தையும் தாண்டி, படிப்படியாகக் கீழே போவது இரண்டு பேருக்கும் கேட்டது. எங்கேயும் முட்டவில்லை, திரும்பவில்லை, சன்னமாகிச் சன்னமாகிப் போய்க்கொண்டே இருந்தது. கேட்கிறதா இல்லையா என்று சொல்ல முடியாத ஒரு கட்டத்தில் குலசேகரன் கிராதியின்மேல் குப்புறப் படுத்துக் காதை வைத்தார்.

ரொம்ப நேரம் கழித்து எழுந்தார். சட்டையெல்லாம் துரு.

"போயிட்டானா?"

அவள் ஆமாம் என்று தலையை அசைத்தாள்.

"ரெண்டு பேரும் மேல வரமாட்டாங்கம்மா. அது தெரியும் எனக்கு." மூக்கை உறிஞ்சிக்கொண்டார். "ஆனா இத்தினி வருஷம் எங்கப்பா தனியா கெடந்தாரு. இனிமே பேச்சுத்துணைக்கு ஒரு ஆளாச்சு." பிறகு குழியை நோக்கிக் குனிந்து, பக்கத்தில் இருப்பவனிடம் சொல்வதுபோலத் தாழ்ந்த குரலில், "சரிடா. விடு" என்றார்.

அந்த நேரத்துக்குக் கல்லறைத் தோட்டத்தில் பூசைக்கு முந்தின பயிற்சி நடந்துகொண்டிருந்தது. மூன்றாவது வரியில், மூச்சு எடுக்கிற இடத்தில், கீழேயிருந்து வந்துகொண்டிருந்த ஆல்டோ நின்றது. ஜெரோம் மாஸ்டர் ஹார்மோனியத்திலிருந்து கையை எடுத்தார். குனிந்து மண்ணைத் தொட்டுப் பார்த்தார். ரயிலைத் தவறவிட்டுக் கல்லறையோரம் படுத்திருந்த தேஜஸ்வினியும் எழுந்து உட்கார்ந்தாள். எல்லோரும் காதைத் தீட்டிக்கொண்டு நின்றபோது, மேக்கி ஷாஃப்ட் பக்கத்திலிருந்து காற்றோடு ஒரு சத்தம் வந்தது. ஒரு பெண் அழுதாள். புருஷன் செத்து இத்தனை நாளில் டெல்பின் ஒரு சொட்டு அழுது நாங்கள் பார்த்ததில்லை, கல்நெஞ்சு என்றுகூடச் சிலர் சொன்னார்கள். அவனுடைய குரலை வைத்துக்கொண்டு அவனுக்காக எப்படி அழுவது என்பதை யாரும் யோசித்துப் பார்க்கவில்லை. இப்போது அவள் வாய்விட்டு, அவனைப் பேர் சொல்லி, நீ போயிட்டியே, ஒரு வார்த்தை எங்கிட்ட பாடிக் காட்டலியே என்று தன் சொந்தத் தொண்டையால் அழுதுகொண்டிருந்தாள்.

"டெல்பின்" என்றார் ஜெரோம் மாஸ்டர்.

பாட்டுப் புத்தகங்களை மூடி ஹார்மோனியத்தின்மேல் வைத்துவிட்டு, பூசை மணி அடித்ததைப் பொருட்படுத்தாமல், அவர்கள் எல்லோரும் அவள் பக்கத்தில் உட்காரக் கிளம்பிப் போனார்கள்.